சுழியோடப் போகிறவருக்கு ஸ்நோர்க்கல் வேண்டுமா? வன்னியிலிருந்து பழகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழகுவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து, பயிற்சி முடித்ததற்கான சுழியோடி அட்டை கைக்கு வரும்வரை எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் போனது. அதில் கடலுக்குள் இருந்தது நான்கே நாள். மிச்சமெல்லாம் படிவம், வைத்தியரின் கையெழுத்து, பஸ், காசுக் கணக்கு, பிழையான சாமானை வாங்கிவிட்டு மாற்ற அலைந்தது. முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைப் பக்கம் பழகப் போகிற ஒருவருக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஆள் கிடைப்பது அரிது. எங்கள் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பயிற்சி நிலையத்துக்குப் போய், சோதனை செய்து, அட்டை எடுத்தவர்கள் குறைவு.

இந்த அலைச்சலில் என்னை அதிகம் குழப்பியது ஒரு சின்னச் சாமான். வாயில் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்தபடியே மூச்சு விடுகிற குழாய், ஸ்நோர்க்கல். ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றார். இன்னொருவர் முதுகில் சிலிண்டர் இருக்கும்போது இது எதற்கு என்றார். இரண்டாமவரின் பேச்சைக் கேட்டு அதைப் பையிலேயே விட்டுவிட்டு இறங்கிய ஒரு நாளில் நன்றாகக் களைத்துப்போனேன். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். நீங்கள் அப்படிக் களைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் விடை

கொண்டுபோங்கள். பயிற்சி நாட்களில், கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்கில் பூட்டியபடி. பயிற்சி முடிந்த பிறகு, இடத்தைப் பார்த்து மாஸ்கிலோ, காற்று நிரப்பி மிதக்கிற மிதவைச் சட்டையின் பையிலோ. சட்டைப் பைக்குள் சுருட்டி வைக்கிற வகை ஒன்று இருந்தால் “வேண்டுமா, வேண்டாமா” என்ற வாதமே முடிந்துவிடும்.

வேண்டாம் என்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீரோட்டத்தில் அந்தக் குழாய் மாஸ்கை ஒரு பக்கம் இழுக்கும், அதனால் மாஸ்குக்குள் தண்ணீர் கசியும். வலையிலும் தூண்டில் நரம்பிலும் மாட்டும். தலைமயிரில் சிக்கும். மேலே வந்ததும் மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி மல்லாந்து கிடந்தால் குழாய் தேவைப்படாது. இவை எல்லாம் உண்மை. ஆனால் இவை அனுபவப்பட்டவரின் கணக்குகள். சிலிண்டரில் போதிய காற்றோடு மேலே வருகிறவர், அலையைப் பார்த்துப் பதறாதவர், அவருக்குச் சரி. முதல் இருபது முப்பது சுழியோட்டம் வரைக்கும் நாங்கள் அப்படி இல்லை.

காற்றுக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இங்கே அதிகம் புழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11 லீற்றர். 50 பார் (பார் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவு) மிச்சம் வைத்து மேலே வா என்று சொல்லித் தருவார்கள். அப்படி வந்தால் 550 லீற்றர் காற்று இருக்கும். அலையில் தத்தளித்துக்கொண்டு நிமிடத்துக்கு 25 லீற்றர் இழுத்தாலும் 22 நிமிடம் தாங்கும். பயமில்லை. ஆனால் புதியவர்கள் வேகமாக மூச்சு வாங்குவதால் 20 பாருக்கு வந்த பிறகுதான் மேலே தலை காட்டுவதும் நடக்கும். அப்போது இருப்பது 220 லீற்றர், ஒன்பது நிமிடம்கூட இல்லை. படகு வர இருபது நிமிடம் எடுத்தால் மீதி நேரம் எதில் மூச்சு விடுவது? இந்தக் கேள்விக்குத்தான் ஸ்நோர்க்கல் பதில்.

2. காகிதங்களை முதலில் முடியுங்கள்

பயிற்சிக்கு இடம் பிடிக்க முன், மருத்துவக் கேள்வித்தாளை நிலையத்திடம் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். பத்து முதன்மைக் கேள்விகள், சிலவற்றுக்குக் கீழே கிளைக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் “இல்லை” என்றால் உங்கள் கையெழுத்தே போதும். குறிப்பிட்ட கேள்விகளுக்கு “ஆம்” வந்தால் வைத்தியர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள், இறக்கவும் கூடாது. நான் படிவத்தைக் கடற்கரையில் வைத்துத்தான் முதன்முதலில் பார்த்தேன். சின்ன வயதில் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது என்று எழுதினேன். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். அந்தப் பயணம் முழுக்க வீண்.

எங்கள் பகுதி ஆட்கள் இந்தத் தாளில் இரண்டு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒன்று நெஞ்சு. 2009 யுத்தத்தில் நெஞ்சுப் பகுதியில் செல் துண்டு பட்டவர்கள், நுரையீரல் சுருங்கிக் குழாய் போட்டு மீண்டவர்கள், நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். மற்றது காது. குண்டுச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர்கள், கேட்கும் சக்தி குறைந்தவர்கள். வெளியில் சுகமாகத்தான் இருப்பார்கள். ஆனால் பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. மேலே வரும்போது நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். தழும்பு விழுந்த நுரையீரலின் ஒரு பகுதியில் அந்தக் காற்று அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து மறைக்காமல் எழுதுங்கள். “பழைய காயம்தானே, இப்ப ஒண்டும் இல்ல” என்று என் பெரியப்பா மகன் எழுதப் பார்த்தான். நான் அவனை நெஞ்சுப் படம் (எக்ஸ்ரே) எடுத்துப் பார்க்க அனுப்பினேன். வைத்தியர் வேண்டாம் என்றார். இப்போது அவன் எங்களோடு படகில் வந்து மேலே காவல் இருக்கிறான்.

வைத்தியரிடம் போகும்போது படிவத்தோடு சேர்ந்து வரும் வைத்தியருக்கான பக்கத்தையும் அச்சடித்துக் கொண்டுபோங்கள். சுழியோடுதல் பற்றி அடிக்கடி பார்க்காத வைத்தியர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். நெஞ்சுப் படம், காதுச் சோதனை எடுக்கச் சொன்னால் அதற்குத் தனியாக நாள் போகும். புறப்படும் திகதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால் பதற்றம் இல்லை.

மற்றக் காகிதங்கள்: தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி, இரண்டு படம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் தாய் அல்லது தகப்பனின் கையெழுத்து. பேடி (PADI) என்ற சுழியோடிப் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்பப் பயிற்சிக்குப் பத்து வயதிலிருந்தே சேரலாம், பதினைந்துக்குக் கீழே என்றால் சிறுவர் அட்டை கிடைக்கும். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவுப் பக்கம் போவதாக இருந்தால் அடையாள அட்டையை மறக்காதீர்கள். அது தேசியப் பூங்கா. உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம்.

இன்னொன்று. இந்த அட்டை பொழுதுபோக்குச் சுழியோடலுக்குரியது. கடலட்டை, சங்கு எடுக்கும் தொழிலுக்குக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் அனுமதி வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைச் செய்ய முடியாது.

3. காசு

பயிற்சிக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். போன பிறகு இணையப் பாடத்துக்குத் தனிக் காசு, அதுவும் டொலரில். எல்லாம் முடியும்போது ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. தொலைபேசியில் இந்த நான்கையும் கேளுங்கள்: இணையப் பாடம் சேர்த்தா? அட்டைக்கான பதிவு சேர்த்தா? படகும் பூங்கா நுழைவுச் சீட்டும் சேர்த்தா? சாமான் வாடகை சேர்த்தா, அதில் ஸ்நோர்க்கல் உண்டா? பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சாமானில் முதல் காசைப் போட வேண்டியது மாஸ்கில். அது உங்கள் முகத்துக்குப் பொருந்த வேண்டும், மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். இரண்டாவது, விசிலும் நீர்மட்டத்தில் ஊதி நிமிர்த்துகிற ஆரஞ்சு நிற மிதவைக் குழாயும். அலைக்கு நடுவே தலை மட்டும் தெரிகிற ஆளைப் படகோட்டி காண மாட்டார், அந்தக் குழாயைக் காண்பார். மூன்றாவதுதான் ஸ்நோர்க்கல். மூச்சுக் குழாய் இருந்தும் படகு உங்களைக் காணாவிட்டால் என்ன பயன்? ஆனபடியால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நல்ல சாதாரணக் குழாய்க்கு நான் கொடுத்தது 4,500 ரூபாய். சுருட்டி வைக்கிற வகைக்கு அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொன்னார்கள். ஒரு பருவம் கழித்துத்தான் அதை வாங்கினேன். வாடகைக்கு எடுப்பதில் பிழை இல்லை. ஆனால் வாயில் வைக்கும் ரப்பரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வையுங்கள். பல்லுக் கடித்துக் கிழிந்ததைத் தந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

4. எப்போது, எப்படிப் போவது

கிழக்குக் கரையில் கடல் அடங்கிக் கிடப்பது சித்திரை கடைசியிலிருந்து புரட்டாதி வரை. வாடைக் காற்று தொடங்கினால் தண்ணீர் கலங்கிவிடும், அலை ஏறிவிடும். பயிற்சிக்கு மூன்று முதல் நான்கு நாள். நான்கு கடற் சுழியோட்டங்கள் அதற்குள் வரும், ஆழம் 18 மீற்றருக்குள். ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காது அடைத்தால் அன்று இறங்க முடியாது, தடிமன் வந்தாலும் அப்படியே.

முல்லைத்தீவிலிருந்து வவுனியா வந்து, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை போவதுதான் சாமானோடு போக வசதியான பாதை. நிலாவெளி, உப்புவெளி இரண்டும் நகரத்துக்கு வடக்கே. படகுகள் காலையிலேயே வெளிக்கிட்டுவிடும், காற்று எழுவதற்கு முன் வேலையை முடிக்கத்தான். ஆனபடியால் முதல் நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் வந்து விடியவே கடலில் இறங்கியவர் ஒருவர் எங்கள் வகுப்பில் படகிலேயே சத்தி எடுத்தார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நேரம் எங்கள் பக்க பஸ்கள் நிரம்பி வழியும். அந்தக் கிழமையைத் தவிருங்கள்.

5. எந்தக் குழாய் வாங்குவது

கடையில் நான்கு வகை காட்டுவார்கள்.

சும்மா வளைந்த குழாய், எந்த வால்வும் இல்லாதது. இதுதான் மலிவு, இதுதான் உறுதி, கெட்டுப்போக ஒன்றுமில்லை.

அடியில் ஒரு வால்வும் மேலே அலை தெறிக்காமல் ஒரு மூடியும் உள்ளது. தண்ணீரை ஊதி வெளியேற்றச் சுகம். ஆனால் எங்கள் கரையின் மணல் ஒரு துகள் வால்வில் ஒட்டினாலும் சொட்டுச் சொட்டாக வாய்க்குள் தண்ணீர் வரும்.

உச்சியில் தானாக மூடுகிற மிதப்பு உள்ளது. நான் முதலில் ஏமாந்தது இதில்தான். “தண்ணியே உள்ள வராது” என்று விற்றார்கள். மேலே நீந்துகிறவருக்கு நல்லது. சுழியோடுகிறவருக்குத் தலைக்கு மேலே பாரமாக ஒரு குமிழ். நீரோட்டத்தில் மாஸ்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே காற்று அடைபட்டால் மேலே தூக்கும்.

சுருட்டி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கிற சிலிக்கன் குழாய். மிதவைச் சட்டைப் பைக்குரியது. பயிற்சி முடித்தவருக்கு நான் சொல்வது இதை.

முழு முகத்தையும் மூடுகிற ஸ்நோர்க்கல் மாஸ்க் ஒன்றும் கடற்கரைக் கடைகளில் தொங்கும். சிலிண்டரோடு அதைப் போட முடியாது. சிலிண்டர்க் காற்றை வாய்க்குத் தருகிற ரெகுலேட்டரை வாயில் வைக்க வழியில்லை, மூக்கைப் பொத்திக் காதைச் சமப்படுத்தவும் வழியில்லை.

நீளம் 35 முதல் 40 சென்றிமீற்றர், உள் அகலம் ஏறத்தாழ 2 சென்றிமீற்றர். அதைவிட நீளமானது நல்லது என்று நினைக்காதீர்கள். இந்த அளவுக் குழாய்க்குள்ளேயே 125 மில்லிலீற்றர் வரை பழைய காற்று தங்கும். ஒரு சாதாரண மூச்சு 500 மில்லிலீற்றர்தான். நீளம் கூடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். எங்கள் ஊர்ப் பெடியன்கள் பிவிசி குழாயை ஒரு மீற்றருக்கு வெட்டி வாயில் வைத்துக்கொண்டு கடலுக்குள் இருக்கப் பார்ப்பார்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் 100 கிராம் பாரம் ஏறும். நெஞ்சு முழுக்கக் கணக்குப் பார்த்தால் மூச்சுத் தசை அதைத் தூக்காது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படிச் செய்தால் குழாயைப் பறித்துவிடுங்கள்.

6. கிணற்றடியில் பழகுங்கள்

ஓப்பன் வாட்டர் பயிற்சியில் ஒரு நீச்சல் சோதனை உண்டு. 200 மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும், அல்லது மாஸ்க், காலில் போடுகிற ஃபின்ஸ் (துடுப்பு), ஸ்நோர்க்கலோடு 300 மீற்றர். பிறகு 10 நிமிடம் மிதக்க வேண்டும். நீச்சல் முறை பழகாத எங்களுக்கு இரண்டாவதுதான் சுலபம். முகத்தைத் தூக்கத் தேவையில்லை, காலை மட்டும் ஆறுதலாக அடித்தால் போதும். அந்தச் சோதனைக்கே ஸ்நோர்க்கல் பழகிப் போனவருக்குப் பாதிப் பயம் குறைந்துவிடும்.

எங்கே பழகுவது? குளத்தில் வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது, அது உங்கள் பயிற்சி அட்டவணையைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. முல்லைத்தீவுக் கடற்கரை திறந்த கரை, அலை இழுத்துப்போய்விடும், தனியாக இறங்காதீர்கள்.

நான் பழகியது எங்கள் கிணற்றடித் தொட்டியில். ஆடு மாட்டுக்குத் தண்ணீர் நிரப்புகிற சீமெந்துத் தொட்டி, முழங்கால் உயரம். அதைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் முழங்காலில் இருந்தபடி முகத்தை அமிழ்த்துவேன். முதல் நாள் மூன்று மூச்சுக்கு மேல் இருக்க முடியவில்லை. மூக்கில் தண்ணீர் பட்டதும் தலை தானாக எழும்பியது. இரண்டாம் கிழமை தொட்டியின் அடியில் கிடந்த வேப்பங்கொட்டைகளை எண்ணிக்கொண்டு பத்து நிமிடம் கிடந்தேன். அம்மா வந்து முதுகைத் தட்டிப் பார்த்தா.

பழக வேண்டியவை மூன்று. நெடிய, ஆறுதலான மூச்சு. குறுகிய மூச்சு விட்டால் குழாய்க்குள் இருக்கும் பழைய காற்றுத்தான் போய்வரும், தலை கனக்கும். அடுத்தது, குழாய்க்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, “தூ” என்று ஒரே வீச்சில் ஊதித் தள்ளுவது. ஊதிய பிறகு வரும் முதல் மூச்சை மெல்ல இழுங்கள். அடியில் ஒரு மிடறு மிஞ்சியிருக்கும். மூன்றாவது, மாஸ்க் இல்லாமல் முகத்தை வைத்து வாயால் மட்டும் மூச்சு விடுவது. பயிற்சியில் மாஸ்கைக் கழற்றிப் போடச் சொல்லும்போது இது கைகொடுக்கும்.

7. மாஸ்கில் பூட்டுவது

இடது பக்கம். ரெகுலேட்டர் வலது தோளுக்கு மேலால் வருகிறது, இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் இடிபடும். குழாயை மாஸ்க் பட்டியில் பிடித்து வைக்கிற கொழுவி காதுக்குச் சற்று முன்னே இருக்கட்டும். முகத்தைத் தண்ணீரில் வைத்துச் சற்று முன்னே பார்த்தால் குழாய் நேராக மேலே நிற்க வேண்டும். பின்னுக்குச் சாய்ந்தால் அலை உள்ளே வரும். வாயில் வைக்கும்போது தாடையை இழுக்கக் கூடாது. இழுத்தால் கொழுவியை மேலே கீழே நகர்த்திப் பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு சொல். பின்னலை அப்படியே விடாதீர்கள். என் பின்னலின் நுனி கொழுவிக்குள் போய்ச் சிக்கி, மாஸ்கைக் கழற்ற முடியாமல் பயிற்சியாளர் தண்ணீருக்குள்ளேயே அவிழ்த்துவிட்டார். கழுத்தோடு இறுக்கிக் கட்டி, மேலே துணிப்பட்டி போடுங்கள்.

8. தண்ணீரில்

படகிலிருந்து குதித்ததும் மிதவைச் சட்டையில் காற்று நிரப்புங்கள், கை காட்டுங்கள், குழுவோடு சேரும்வரை ஸ்நோர்க்கலில் மூச்சு விடுங்கள். சிலிண்டர்க் காற்று அப்படியே இருக்கும்.

இறங்கும்போது ஐந்து படி சொல்லித் தருவார்கள்: துணைக்குக் கை காட்டு, திசையைப் பார், ஸ்நோர்க்கலை எடுத்துவிட்டு ரெகுலேட்டரை வை, நேரத்தைப் பார், இறங்கு. மூன்றாவது படியில்தான் புதியவர்கள் தவறுவது. இரண்டும் ரப்பர்தான், வாய்க்குள் ஒரே மாதிரி இருக்கும். என்னோடு பழகிய ஒரு தங்கச்சி ஸ்நோர்க்கலைக் கடித்தபடியே சட்டைக் காற்றைத் திறந்துவிட்டாள். தலை மறைந்ததும் இழுத்த மூச்சில் முழுக்க உப்புத் தண்ணீர். பயிற்சியாளர் அவள் தோளைப் பிடித்து ஒரே தூக்கில் மேலே கொண்டுவந்தார். கண் சிவந்து, அரை மணி நேரம் இருமினாள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். காற்றைத் திறக்க முன் இரண்டு மூச்சு, அந்த மூச்சில் ரெகுலேட்டரின் “ஸ்ஸ்” சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இறங்குவதில்லை.

மேலே வந்ததும் நிறைய வேலை காத்திருக்கும். எங்கள் பெரியப்பா சிலாவத்துறைப் பக்கம் சங்கு குளித்தவர். நான் பழகப் போகிறேன் என்றதும் அவர் சொன்னது இதுதான்: “கீழ நிக்கிற நேரம் ஒண்டும் இல்லப் பிள்ளை. மேல வந்து வள்ளத்தைத் தேடுற நேரம்தான் ஆள் களைச்சுப் போறது.” நான் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்துபோனேன்.

அட்டை எடுத்து இரண்டாவது மாதம். காலையில் தட்டையாகக் கிடந்த கடல் நாங்கள் மேலே வரும்போது குட்டி குட்டியாக வெள்ளை நுரை எறிந்துகொண்டிருந்தது. படகு வேறு குழுவை ஏற்ற அப்பால் போயிருந்தது. காற்றழுத்தம் காட்டுகிற என் அளவியில் 30 பார். ஸ்நோர்க்கல் படகில், பைக்குள். மல்லாந்து கிடந்து பார்த்தேன், அலை முகத்தில் அடித்தது. ரெகுலேட்டரை வைத்தேன், அளவி முள் இறங்கிக்கொண்டே போனது. பயத்தில் இன்னும் வேகமாக இழுத்தேன். 10 பாரில் எடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு மூன்றாவது மூச்சுக்கும் ஒரு வாய் கடல். என் துணைக்கு வந்த அண்ணை தன் சட்டைப் பையிலிருந்து சுருட்டிய குழாயை எடுத்துத் தந்தார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். காதுக்குள் இரைச்சல் நின்றது. கீழே பச்சை நீரில் எங்கள் கயிறு சாய்ந்து போவது தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் மூச்சு வழமைக்கு வந்துவிட்டது. படகு வரும்வரை அவர் அலைக்கு முதுகு காட்டி ரெகுலேட்டரோடு கிடந்தார். அவரிடம் 80 பார் இருந்தது.

ஆகவே மேலே வந்ததும் செய்ய வேண்டியது: சட்டையில் காற்று, ஆரஞ்சுக் குழாயை ஊது, அலைக்கு முதுகு காட்டு, மாஸ்கைக் கழற்றாதே. காத்திருக்க வேண்டி வந்தால் ரெகுலேட்டரை மாற்றி ஸ்நோர்க்கலை வை. மாற்றும்போது ஒரு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, குழாயை வாயில் வைத்ததும் “தூ” என்று ஊதிவிட்டு இழுங்கள். படகுக்கு நீந்த வேண்டுமென்றால் முகத்தைக் கீழே வைத்து நீந்துங்கள், மல்லாந்து நீந்தினால் போகிற திசை தெரியாது.

9. கழற்றி வைக்க வேண்டிய நேரம்

உடைந்த கப்பலுக்குப் பக்கத்தில், வலை கிடக்கும் பாறையில், இரவில், பலமான நீரோட்டத்தில் ஸ்நோர்க்கல் மாஸ்கில் இருக்கக் கூடாது. பையில் இருக்கட்டும். எங்கள் கடலில் அறுந்த தங்கூசி (நைலோன் நரம்பு) வலைகள் பாறைகளில் சுற்றிக் கிடக்கின்றன, தண்ணீருக்குள் அவை கண்ணுக்கே தெரியாது. தலைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அதில் மாட்டும். காலில் கத்தியைக் கட்டுவதையும் நான் விட்டுவிட்டேன், சட்டையில் சின்னக் கத்தரி வைத்திருக்கிறேன்.

10. சுழியோடி முடித்த பிறகு

ஸ்நோர்க்கல் கையில் இருக்கிறது, கடலும் தெளிவாக இருக்கிறது என்று சிலிண்டரைக் கழற்றிவிட்டு மூச்சடக்கிக் குதிக்காதீர்கள். உடம்பில் நைதரசன் கரைந்திருக்கிற நேரம் அடிக்கடி கீழே போய் மேலே வருவது நல்லதல்ல. மேலே மிதந்து பாருங்கள், அது போதும். மூச்சடக்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு வாங்குகிற பழக்கத்தையும் விடுங்கள், தண்ணீருக்குள் மயங்குவது அதனால்தான்.

மூட்டுவலி, உடம்பு விறைப்பு, காலில் உணர்ச்சிக் குறைவு, தலைச்சுற்று வந்தால் “வெயில் பட்டது” என்று படுக்காதீர்கள், அது அந்த நைதரசனின் வேலையாக இருக்கலாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், சிலிண்டர் கட்டிச் சுழியோடியதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை திருகோணமலைக் கடற்படையிடம் இருக்கிறது. பல நாள் சுழியோடினால் விமானம் ஏற 18 மணி நேரம் விடுங்கள். ஊருக்கு பஸ்ஸில் வருவதில் பிரச்சினை இல்லை, பாதை முழுக்கத் தாழ்ந்த நிலம். நேரே நுவரெலியாவுக்குச் சுற்றுலா போவதாக இருந்தால் அதே 18 மணி நேரம் பொறுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்நோர்க்கலைக் கிணற்றுத் தண்ணீரில் ஊற வையுங்கள். வால்வு இருந்தால் விரலால் தூக்கி மணலைக் கழுவுங்கள். நிழலில் தொங்கவிடுங்கள், வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். கொழுவியை ஒவ்வொரு பருவமும் வளைத்துப் பாருங்கள், வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அடுத்த அலையில் முறியும். மாற்றுக் கொழுவி ஒன்றை மாஸ்க் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். சின்னச் சாமான்தான், ஆனால் முல்லைத்தீவில் தேடினால் கிடைக்காது.